தகப்பன் பெயர், தாய் பெயர், சுவருக்கு எந்தப் பக்கம்

கோயில் பதிவுப் புத்தகம் எழுதுகிறவனைப் பிள்ளை பெற்றவர்களும் திட்டுவார்கள், கலியாணம் கட்டுகிறவர்களும் திட்டுவார்கள். செத்தவன் ஒருத்தன்தான் திட்டமாட்டான், அவனுக்கும் சேர்த்து அவன் பங்காளிகள் திட்டிவிடுவார்கள்.

ராயபுரத்தில், கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்த ஒரு கத்தோலிக்கக் கோயிலில் நான் பல வருஷம் ரைட்டராக இருந்தேன். கோயிலின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிற சண்டைகளில் சிலவற்றுக்கு வாரிசுகள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் எண்ணூர் உப்பளத்தில் வேலை. வெயிலும் வெள்ளை உப்பும் சேர்ந்து கண்ணைப் பறிக்கிறதே, நிழலில் உட்கார்ந்து எழுதலாமே என்று ஆசைப்பட்டு இங்கே வந்தேன். நிழல் கிடைத்தது. நிம்மதி கிடைக்கவில்லை.

ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் என்று மூன்று தடித்த புத்தகங்கள். அவை போக, எங்கள் கோயில் எல்லையான பங்கில் எந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று வருஷாவருஷம் போய்ப் பார்த்து எழுதுகிற ஆத்துமாக் கணக்கு ஒன்று. எழுதுவது நான். கையெழுத்துப் போடுவது பெரிய சாமியார். அவர் சீமையிலிருந்து வந்தவர். தாடியும் கோபமும் சிவப்பு. மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, குழிவெட்ட ஆள் பிடிப்பது எல்லாம் கோயில்பிள்ளை லாசர்.

முனிசிபல் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களே, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதினவர்களே, தபாலாபீசில் அடுத்தவர் பாரத்தை நிரப்பித் தந்துவிட்டு வசவு வாங்கினவர்களே, நீங்களெல்லாம் என் சாதி. உங்களிடம் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

எல்லாருக்கும் ஒரே பிறந்த நாள்

மாத்தூர், மணலிப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வந்து, இங்கே வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களான குடும்பங்கள் நிறைய. பெரியவர்களோடு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஞானஸ்நானத்துக்கு வருவார்கள். பிள்ளை எப்போது பிறந்தது என்று நான் கேட்பேன். உடனே பதில் வரும்: எம்டன் குண்டு போட்ட அன்றைக்கு. அந்த ஜெர்மன் கப்பல் கடலில் நின்று துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதைத்தான் சொல்கிறார்கள். ஒரு பிள்ளை அன்று பிறந்திருக்கலாம். இரண்டு பிறந்திருக்கலாம். ஆனால் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, காசிமேடு, எங்கிருந்து வந்தாலும் அதே நாள். எட்டு வயதுப் பிள்ளைக்கும் அதே நாள், பால் பல் விழாத பிள்ளைக்கும் அதே நாள். சாமியார் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "நீர் சோம்பேறித்தனத்தால் ஒரே தேதியை எழுதிக்கொண்டே போகிறீர்" என்று என்மேல் பாய்ந்தார். நான் என்ன அந்தக் கப்பலை ஓட்டிக்கொண்டா வந்தேன்?

அடுத்து வந்தவள் பாக்கியம் என்கிற மீன்காரி. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. கையில் இருந்ததைக் காட்டி, "எம்டன்" என்றாள். நான் பேனாவை வைத்துவிட்டுக் கத்தினேன். "ஏம்மா, இந்தப் பட்டணத்துப் பெண்கள் அத்தனை பேரும் அந்த ஒரு நாளுக்காகக் காத்துக்கொண்டா இருந்தீர்கள்?" பாக்கியம் அசரவில்லை. கூடையை இறக்கி வைத்து, எனக்கு நிதானமாகப் புரியவைத்தாள்:

"அந்தச் சத்தத்துல கெயவனுங்களே கொயந்தையாட்டம் அய்தானுங்கோ, வவுத்துல இருந்த கொயந்த மட்டும் எப்டி நைனா உள்ளயே குந்திகினு இருக்கும்?"

காணாமல் போன சின்னப்பன்

சின்னப்பன் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் கிரேனுக்குக் கரி போடுகிறவன். வருஷக்கணக்காகத் தினக்கூலி. நிரந்தரம் ஆக்குகிறோம், வயதுக்கு அத்தாட்சி கொண்டு வா என்று கம்பெனியில் சொன்னதும், முகத்தில் கரியைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தான். புத்தகத்தைப் புரட்டினேன். இருக்கிறான், ஆனால் சின்னப்பனாக இல்லை. எங்கள் புத்தகம் முழுக்க லத்தீன். நாம் சின்னப்பர் என்று கும்பிடுகிற அர்ச்சியசிஷ்டவருக்கு அதில் பவுலுஸ் என்று பெயர். சூசையப்பர் அதில் யோசேப்புஸ். ஆகவே சூசை மகன் சின்னப்பன், யோசேப்புஸ் மகன் பவுலுஸ் ஆகி அங்கே உட்கார்ந்திருந்தான். அப்படியே நகல் எழுதிக் கொடுத்தேன். கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, "எந்த வெள்ளைக்காரனுடைய சர்டிபிகேட்டைத் திருடினாய்?" என்று கேட்டு விரட்டிவிட்டான்.

'பவுலுஸ் என்பவரே சின்னப்பன்' என்று இன்னொன்று எழுதிச் சாமியாரிடம் நீட்டினேன். புத்தகத்தில் இல்லாத வார்த்தைக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். "சாமி, நீங்களே அவனைச் சின்னப்பா என்றுதானே கூப்பிடுகிறீர்கள்?" என்றேன். "கூப்பிடுவது வேறு, எழுதுவது வேறு" என்றார். நேரே கம்பெனிக்குப் போனேன். தலைமைக் குமாஸ்தாவிடம், "உங்கள் பெயரை யாராவது வேறு பாஷையில் எழுதினால் நீங்கள் வேறு ஆள் ஆகிவிடுவீர்களா?" என்று கேட்டேன். "நான் ஒரே பாஷையில்தான் பிறந்தேன்" என்று சொல்லிவிட்டு விசிறியைப் போட்டுக்கொண்டான். கடைசியில் மேற்றிராணியார் என்கிற பிஷப் வீட்டில் கேட்டு, சாமியார் கையெழுத்துப் போடத்தான் செய்தார். அதற்குள் அந்த இடத்துக்குக் குமாஸ்தாவின் மனிதர் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கையெழுத்தான காகிதத்தைச் சின்னப்பனிடம் கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மடித்து மடியில் செருகிக்கொண்டு சொன்னான்:

"ரைட்டரே, அந்தப் பவுலுஸு எங்கனா கண்ல பட்டான்னா இட்டுகினு வா, கரி அள்றதுக்கு அவனையே அனுப்பிட்றேன், நான் வூட்ல குந்திக்கிறேன்."

ஓலை வாசித்த ஞாயிறு

எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று பூசையில் படிப்பது. டோல்கேட் பக்கத்தில் கருப்பட்டியும் கருவாடும் மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தார் மிக்கேல் என்று ஒரு தெற்கத்தி முதலாளி. செத்துப்போன அண்ணனின் மகள் அருளாயி அவர் வீட்டில் வளர்ந்தவள். அவள் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிற லூர்துசாமியைக் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு, வீட்டை விட்டுக் கன்னியாஸ்திரிகள் மடத்துக்குப் போய்விட்டாள். மிக்கேலுக்கு மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை, சாதியைத் தவிர. என்னிடம் வந்து, "வே, ஓலையிலே அவன் சாதியையும் சேத்து வாசிக்கச் சொல்லும். ஊரு சிரிக்கட்டும்" என்றார். ஓலையில் சாதி வாசிக்கிற வழக்கம் இல்லை என்றேன். "வழக்கத்தை உண்டாக்கும் வே. அதுக்குத்தானே ஒம்மைக் குத்த வச்சிருக்கு" என்றார். கோயிலில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதன் இதைக் கேட்கிறானே! முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் ஞாயிறு. ஓலை வாசித்து முடித்ததும் மிக்கேல் எழுந்தார். "சாமி, அவன் கொழும்புலே ஒருத்தியக் கெட்டியிருக்கான்" என்றார். லூர்துசாமி ராயபுரத்தைத் தாண்டி எங்கேயும் போனவனில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் முதலாளியை எதிர்த்து யார் பேசுவது? பெண்கள் பக்கத்திலிருந்து அருளாயி எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அவ பேரென்ன சித்தப்பா?" என்று கேட்டாள். "பேரு எனக்கெதுக்குட்டி?" என்றார். "எந்தத் தெரு?" என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

சிரித்து என்ன? தடை சொன்னால் விசாரித்தே ஆகவேண்டும் என்பது சட்டம். கொழும்புக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தோம். அதற்குள் தபசுகாலம் வந்துவிட்டது. தபசில் கலியாணம் கிடையாது. செய்யாத குற்றத்துக்கு அந்தப் பெண் மடத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொய் சொன்ன மனிதர் முன்வரிசையில் ஞாயிறு தவறாமல் நற்கருணை நன்மை வாங்கினார். அதைக் கேட்க ஒரு சட்டமும் இல்லை. பாஸ்கா என்கிற ஈஸ்டர் பண்டிகைக்குப் பிறகு ஒருவழியாகக் கலியாணம் நடந்தது. புத்தகத்தில் கையெழுத்துப் போட வந்த அருளாயி, வாசலில் விறைப்பாக நின்றிருந்த சித்தப்பனுக்குக் காதில் விழும்படி என்னிடம் சொன்னாள்:

"இல்லாத பொண்டாட்டிக்கு ஒரு பேரு வைக்கத் தெரியல எங்க சித்தப்பாவுக்கு; எம் பிள்ளைக்குப் பேரு வைக்க மட்டும் அவுகளக் கூப்பிட்டுராதீக ரைட்டரய்யா."

தெரியாத தகப்பன்

இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. செபஸ்தியம்மாள் எங்கள் பங்குப் பெண். தண்டையார்பேட்டை எண்ணெய் டிப்போவில் டின்னுக்கு ஈயம் வைத்து அடைக்கிற முனுசாமியைக் கட்டிக்கொண்டாள். அவன் வேதத்தில் சேராதவன். திருவொற்றியூரில் அவன் சொந்தக்காரர்கள் கூடி நின்று தாலி கட்டிய கலியாணம். பிள்ளை பிறந்ததும், "உன் இஷ்டப்படியே உங்க கோயில்ல தண்ணி ஊத்திக்கலாம்" என்று அவனே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். பிரசவம் கஷ்டமாக இருந்தது போல. அவள் தூணில் சாய்ந்து நின்றாள். பிள்ளை அவன் கையில். டின் பற்றவைத்து வெந்துபோன விரல்கள். அந்த விரல்களால் பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

சாமியார் கேட்டார்: "கோயிலில் கலியாணம் நடந்ததா?" இல்லை. "அப்படியானால் எழுதும், தகப்பன் தெரியாது." லத்தீனில் இரண்டே வார்த்தை. கோயிலில் நடக்காத கலியாணம் கலியாணமே இல்லையாம். கலியாணம் இல்லையென்றால் தகப்பனும் இல்லையாம். "சாமி, தகப்பன் எதிரில் நிற்கிறான்" என்றேன். "சட்டத்தின் எதிரில் அவன் நிற்கவில்லை" என்றார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். என் வேலை போனாலும் போகட்டும், இதை என் கை எழுதாது என்று சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்த இரண்டு வார்த்தையையும் அவரே எழுதினார்.

"இன்னாத்துக்குக் கோவம்? இன்னா எயுதினாரு?" என்று முனுசாமி கேட்டான். லாசர் பொய் சொல்லத் தெரியாதவர், சொல்லிவிட்டார். செபஸ்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முனுசாமி கத்தவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தான். பிள்ளையின் முகத்தைத் தன் முகத்தோடு சேர்த்துவைத்து, சாமியாரைப் பார்த்துக் கேட்டான்:

"தோ நிக்கிறேன் பாரு சாமி. தெரியலியா? இன்னும் கிட்ட வரட்டா?"

ஆத்துமாக் கணக்கு கேட்டு வந்தவர்

சாமியாரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம். வியாசர்பாடிப் பக்கம் ஒரு மில்லில் ஸ்டிரைக். மில் குடியிருப்பிலிருந்து ஆட்களை வெளியே தள்ளிவிட்டார்கள். அவர்கள் அங்கங்கே உறவுக்காரர் குடிசைகளில் அண்டிக்கொண்டிருந்தார்கள். மில்லின் டைம்கீப்பர் எங்கள் பங்குக்காரர். கோயிலுக்குப் பித்தளை விளக்குத்தண்டு கொடுத்தவர். ஒருநாள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, ஆத்துமாக் கணக்கை ஒரு வாரத்துக்குக் கொடுங்கள் என்றார். யார் எந்த வீட்டில் இருக்கிறான் என்று அதில் இருக்கிறதாம். ஸ்டிரைக்கை முன்னின்று நடத்துகிறவர்களின் விலாசத்தைப் போலீசுக்குக் கொடுத்துவிட்டால் மில்லை நாளைக்கே திறந்துவிடலாமாம். வீடு வீடாக நான் போனபோது, ரைட்டரய்யா வந்திருக்கார் என்று மணையைத் துடைத்துப் போட்டுத் தங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொன்ன ஜனங்கள் அவர்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்கவா நான் அலைந்தேன்? தரமுடியாது என்றேன். "நான் பெரிய சாமியையே கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுந்து போனார்.

சாமியார் சட்டம் பேசுகிறவர். விளக்குத்தண்டையும் மதிக்கிறவர். கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன். கதவு ஓரமாய் நின்று கேட்டேன். டைம்கீப்பர் பேசி முடித்தார். பிறகு சாமியார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். காது மடல்வரை சிவந்திருந்தது. புத்தகத்தில் படித்த தமிழில், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்:

"இது ஆத்துமாக்களின் கணக்கு. உமது மில்லிலே ஆத்துமாக்கள் வேலை செய்வதாக உமது துரை என்றைக்காவது ஒத்துக்கொண்டது உண்டா?"

தாயார் பெயர்

ரயில்வேயில் கார்டு வேலை பார்த்த ஒரு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பெயர் ராபர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன தகப்பன் வெள்ளைக்கார என்ஜின் டிரைவர். தாய் ராயபுரத்துப் பெண், பாப்பம்மா. ஞானஸ்நானப் புத்தகத்தில் தாயார் பெயர் பாப்பம்மா என்றே இருந்தது. எழுதினவர் எந்த நல்ல மனதுக்காரரோ, லத்தீன் ஆக்காமல் விட்டிருந்தார். ராபர்ட் துரைக்கு அதுதான் இடைஞ்சல். ஐரோப்பியருக்கு உள்ள மேல் உத்தியோகத்துக்கு மனுப் போடப்போகிறாராம். பாப்பம்மாவை அடித்துவிட்டு மேரி என்று போட்டு ஒரு நகல் வேண்டுமாம். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது. மேசையைத் துடைக்கச் சொல்கிற மாதிரி தாயாரைத் துடைக்கச் சொல்கிறாரே! பாப்பம்மாவுக்குப் பிறந்தவனுக்கு மேல் உத்தியோகம் இல்லை என்று சட்டம் போட்டவனை நினைத்தால் அதைவிடக் கோபம்.

மாட்டேன், மாட்டேன் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வெளியே ஜட்கா வண்டியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தாள். சிவப்புக்கரைச் சேலை, காலில் மெட்டி. துரைக்கு முகம் வெளுத்துவிட்டது. "மம்மா, வண்டியிலேயே இருக்கச் சொன்னேன் அல்லவா?" என்றார். அவள் லாசர் கொடுத்த சொம்பை வாங்கிக் குடித்தாள். நாங்கள் பேசினதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. மகனை அவள் திட்டவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். பிறகு கேட்டாள்:

"என் பேர அட்ச்சிட்டு எயுதிக்கடா கண்ணு, பரவால்ல, உன்னப் பெத்தப்போ பட்ட வலி மேரிக்கு வந்துதுன்னு அந்த மேரியாண்ட யாரு போயி சொல்றது?"

சுவர்

எங்கள் கல்லறையில் நடுவே ஒரு சுவர் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல். இந்தப் பக்கம் மேல்பகுதி, அந்தப் பக்கம் கீழ்ப்பகுதி. யாருக்கு மேல், யாருக்குக் கீழ் என்று நான் சொல்லவேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். பூசையில் எல்லாரும் சகோதரர். செத்த பிறகு சுவர். அடக்கப் புத்தகத்திலும் அதற்கென்று ஒரு கட்டம்: மேலா, கீழா. மேல்பகுதிக் கேட்டின் சாவி சவரிமுத்து என்கிற படகு முதலாளியிடம் இருந்தது. அவர் கோயிலில் பெரியதனக்காரர்.

ராயப்பன் கப்பலில் சரக்கு இறக்குகிறவன். கீழ்ப்பகுதிக்காரன். சரக்கறைக்குள் தவறி விழுந்து செத்துப்போனான். மழைக்காலம். சாமியார் கோயிலில் பிணத்தை மந்திரித்துச் செபம் முடித்ததும், எண்ணூரில் யாரோ சாகக் கிடக்கிறார்கள், கடைசி எண்ணெய் பூசி அவஸ்தை கொடுக்கவேண்டும் என்று ஆள் வந்து அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டான். நானும் லாசரும் பிணத்தோடு கல்லறைக்குப் போனோம். ராயப்பனின் பெண்சாதி கத்தரினாள் முன்னால் நடந்தாள். அவன் கூட்டாளிகள், எல்லா மதத்துக்காரரும், பெட்டியைத் தூக்கிவந்தார்கள். அவர்களுக்குத் தண்டேல், அதாவது மேஸ்திரி, காதர் பாய். கீழ்ப்பகுதி பள்ளம். வெட்டிவைத்த குழியில் பாதிக்குமேல் தண்ணீர். லாசர் வாளியால் இறைத்துப் பார்த்தார். இறைக்க இறைக்க ஊறிற்று. கத்தரினாள் குழியைப் பார்த்தாள். "உசுரோட இருக்கும்போதுதான் தண்ணியாண்ட கெடந்தான். செத்தப்புறமும் முயுவணுமா? நான் போட உடமாட்டேன்" என்று பெட்டியின் மேல் விழுந்துவிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், மேல்பகுதியில், மேடு, காய்ந்த மண். நான் சவரிமுத்து வீட்டுக்கு ஓடினேன். சாவியைக் கேட்டேன். ஊஞ்சலை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. "தண்ணீர் வடிகிறவரைக்கும் காத்திருங்கள்" என்றார். பிணத்தை வைத்துக்கொண்டா? "அவர்களுக்குப் பழக்கம்தான்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு நான் எப்படித் திரும்பி வந்தேன் என்று எனக்கே தெரியாது. கல்லறைக்கு வந்து, நடந்ததைச் சொன்னேன்.

காதர் பாய் சுவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, துறைமுகத்திலிருந்து கயிறு கொண்டுவர ஆளை அனுப்பினார். நாலுபேர் சுவர்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். நாலுபேர் அந்தப் பக்கம் குதித்தார்கள். கப்பலில் கண்ணாடிச் சரக்கு இறக்குவதுபோல, ஏலேலோ சத்தம்கூட இல்லாமல், பெட்டியைக் கயிற்றில் கட்டித் தூக்கி, சுவரைத் தாண்டி, மெல்ல அந்தப் பக்கம் இறக்கினார்கள். பெட்டி ஒரு இடத்தில்கூடச் சுவரில் இடிக்கவில்லை. கத்தரினாளையும் கைகொடுத்து ஏற்றி இறக்கினார்கள். நானும் லாசரும் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினோம். உலர்ந்த மண்ணில் குழி வெட்டி, ராயப்பனை வைத்து மூடினோம். லாசர் செபம் சொல்ல, எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். வேறு மதத்துக்காரர்கள்தான் அதிகம்.

மண்ணைத் தட்டும்போது சவரிமுத்து ஆட்களோடு வந்துவிட்டார். கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, தோண்டி எடுங்கள் என்று கூச்சல். கத்தரினாள் கல்லறை மேட்டின்மேல் சம்மணம்போட்டு உட்கார்ந்துவிட்டாள். "என்னையும் சேத்துத் தோண்டு" என்றாள். எண்ணூரிலிருந்து திரும்பின சாமியார் அங்கியெல்லாம் சேறாய் வந்து சேர்ந்தார். இரண்டு பக்கமும் அவரிடம் கத்தினார்கள். அவர் கீழ்ப்பகுதிக்குப் போய்த் தண்ணீர்க் குழியைப் பார்த்தார். திரும்பி வந்து, ராயப்பனின் மேட்டுக்கு முன்னால் மண்டிபோட்டு, தீர்த்தம் தெளித்துச் செபம் சொன்னார். முடிந்ததும் என்னிடம், "மேல்பகுதி என்று எழுதும்" என்றார். அங்கேயே எழுதினேன். அந்த ஒரு வார்த்தையை எழுதின சந்தோஷம் எனக்குப் போதும். சவரிமுத்து தன் ஆட்களோடு ஆறு மாசம் கோயிலுக்கே வரவில்லை. கோயிலுக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அன்று போகும்போது சவரிமுத்து விடவில்லை. கேட் பூட்டி இருந்ததே, கள்ளச்சாவி போட்டது யார், சொல்லுங்கள், கோர்ட்டுக்கு இழுக்கிறேன் என்று குதித்தார். காதர் பாய் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்:

"கேட்டும் உன்னுது, பூட்டும் உன்னுது, தொடல நைனா, பத்ரமா வெச்சிக்கோ, நாங்க கப்பல்காரனுங்கோ, எங்குளுக்கு மேல தூக்கற வயிதான் தெரியும்."

இப்படியாக, மனுஷர்களைக் கண்ணால்கூடப் பார்க்காத எவனோ ஒருவன் அளந்து கட்டம் போட்டுவைக்க, அதற்குள் அடங்கமாட்டேன் என்று முழங்கையை நீட்டிய ஜனங்களை உள்ளே தள்ளி மூடச்சொல்லி என்னை உட்காரவைத்ததற்குத்தான் உத்தியோகம் என்று பெயர் சொன்னார்கள்.